சத்தம் வராத பந்து

எங்கேயாவது புதிதாக உள்விளையாட்டு அரங்கம் திறந்தால் பேப்பரில் பெரிதாகப் படம் போடுகிறார்கள். வழுவழுவென்று மரத்தரை, சுற்றிலும் நாற்காலி, கண் கூசும் விளக்கு. படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க அரங்கத்துக்கு முன்னால இதெல்லாம் எந்த மூலைக்கு" என்று முணுமுணுப்பேன். வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. அவர்கள் இதைப் பல தடவை கேட்டு அலுத்தவர்கள்.

எங்கள் அரங்கம் திண்டிவனத்தில் இருந்தது. தகரக் கூரை, சுண்ணாம்புச் சுவர், லாரி நுழைகிற அகலத்துக்கு ஒரு மரக்கதவு. உள்ளே போனால் மல்லாட்டை வாசனை மூக்கில் ஏறும். ஏறாமல் என்ன செய்யும், அது மல்லாட்டைக் கிடங்குதான். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மண்டிக்காரர் ஒருவர் கட்டியது. அறுவடைக் காலத்தில் மாட்டு வண்டிகள் தெருமுனை வரைக்கும் நிற்கும். உள்ளே மூட்டைகள் கூரையைத் தொடும், மிச்ச இடத்தில் பெண்கள் உட்கார்ந்து காய் உடைப்பார்கள். சில வருஷம் கழித்து அவர் ரயிலடிப் பக்கம் இன்னும் பெரிதாக ஒன்று கட்டிக்கொண்டார். பழைய கிடங்கைப் பூட்டிச் சாவியை என் அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்கு அந்த மண்டியில் தராசு வேலை. எடை போடுவதற்கு முன்னால் காயைப் பார்ப்பதும் அவர்தான். பார்ப்பது என்றா சொன்னேன், இல்லை, கேட்பது. மூட்டைக்குள் கையை விட்டு நாலு காயை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்குவார். கலகலவென்று சத்தம் வந்தால் முற்றிக் காய்ந்த காய். சத்தம் வராவிட்டால் ஈரம், இல்லையென்றால் உள்ளே பருப்பே இல்லாத பொக்கு. வீட்டிலும் இதே பழக்கம். தேங்காயை ஆட்டிப் பார்ப்பார், புதுப்பானையைத் தட்டிப் பார்ப்பார். சத்தம் வராத எதையும் அவர் காசு கொடுத்து வாங்கியதில்லை.

நான் படித்தது பெண்கள் பள்ளிக்கூடம். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு டிரில் டீச்சர் வந்து சேர்ந்தார். விழுப்புரம் ரயில்வே காலனிக்காரர், தினமும் பாசஞ்சரில் வந்து போவார். கையில் ஒரு பந்தோடு வந்த முதல் நாளே எங்களில் பாதிப் பேருக்கு அவர்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. அந்தப் பந்து கூடைப்பந்து. மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டு வளையம் மாட்டினார். மைதானத்துச் சுவரோ இடுப்பு உயரம், சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு. அமாவாசை வந்தால் மேல்மலையனூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் முழுக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்க்கும். சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு நாங்கள் குதிப்பதில் என்ன வேலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டே அமாவாசையில் பெற்றோர்கள் படையெடுத்து வந்துவிட்டார்கள். வயசுக்கு வந்த பெண்கள் ரோட்டோரத்தில் குதிப்பதா என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டார்கள். கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

ஆனால் அவர் மற்றவர்களைப் போலக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நான் அழுத அழுகை அப்படி. மண்டிக்காரரிடம் போய்ப் பேசினார். அவருடைய மகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். கிடங்கு சும்மாதானே கிடக்கிறது, ஆடிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா தலைமை ஆசிரியையின் முன்னால் வந்து துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"கதவு சாத்தியே இருக்கணும்ங்க. ஆம்பளைங்க யாரும் பாக்கக் கூடாது. பொண்ணுங்க குரலு வெளியில வரக் கூடாது. விசிலு வேணவே வேணாம்ங்க. விசிலு கேட்டா பஸ் ஸ்டாண்டே கெளம்பி இங்க வந்துடும்."

டிரில் டீச்சருக்கு விசில் இல்லாமல் எப்படி என்று முகம் சுருங்கியது. இருந்தாலும் கூரை கிடைக்கிறதே என்று தலையாட்டிவிட்டார். இப்படித்தான் எங்கள் அரங்கம் பிறந்தது.

முதல் வேலை தரையைக் கழுவுவது. வருஷக்கணக்கில் மல்லாட்டை எண்ணெய் ஊறிப்போன தரை, கால் வைத்தால் வழுக்கியது. தலைக்குத் தேய்க்கிற அரப்பை ஆளுக்கொரு பொட்டலம் கொண்டு வரச் சொன்னார் டீச்சர். எண்ணெய்த் தலையை அலசுவது போலவே அந்தக் கிடங்கை அலசினோம். வளையம் மாட்டுகிற பலகையைப் பழைய பெட்டிச் சட்டங்களில் செய்தோம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிக்கிற பட்டறையில் வளையம் அடித்துக் கொடுத்தார்கள். கனமான இரும்பு, பந்து பட்டால் தகரக் கூரை முழுவதும் அதிரும். வளையத்தில் டீச்சர் ஒரு வலையும் கட்டினார். கிடங்கு எலிகள் இரண்டு நாளில் அதைத் தின்று தீர்த்துவிட்டன. இரண்டாவது வலைக்கும் அதே கதி. அதோடு வலையை விட்டுவிட்டோம்.

அப்பா வளையத்தை அண்ணாந்து பார்த்தார். "கூடைப்பந்துன்னாங்க, கூடை எங்கம்மா?"

"அதாம்பா கூடை."

"அடியில்லாத கூடையா? இதுல மல்லாட்டை அள்ளினா மொதலாளி என்னைத் தொரத்தியே உட்டுடுவாரு."

அதற்குப் பிறகு நாங்கள் ஆடும்போது அவர் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. மறுநாள் சாயங்காலத்திலிருந்து பூட்டைத் திறந்துவிடுவார், நாங்கள் எல்லோரும் உள்ளே போனதும் கதவை இழுத்துச் சாத்துவார், ஒரு காலிச் சாக்கை மடித்துப் போட்டுக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். யாராவது அந்தப் பக்கம் நடையைத் தளர்த்தினால், "இன்னா, வழி தெரியலையா?" என்பார். எட்டிப் பார்க்கிற ஆசை அவருக்கு இருந்ததா என்று அப்போது நான் யோசித்ததில்லை. ஆண்கள் பார்க்கக் கூடாது என்று சொன்னவர் அவர். தானும் ஒரு ஆண்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

உள்ளே நாங்கள் ஊமைகளாக ஆடினோம். பந்து வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், கோபம் வந்தால் முறைக்க வேண்டும். டீச்சர் விசிலுக்குப் பதிலாகக் கை தட்டுவார். பந்து உள்ளே விழுந்தால் வாயைப் பொத்திக்கொண்டு குதிப்போம். ஆட்டம் முடியும் நேரத்தில் எல்லோரும் வரிசையாக நின்று வளையத்தில் போட வேண்டும். போட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய், அப்பாவின் கண்ணெதிரே தொட்டியில் கால் கழுவுவார்கள். வரிசையில் முதல் ஆள் என் தோழி, என்னைவிட ஒரு சாண் உயரம். கடைசி ஆள் நான். டீச்சர் என்னை மட்டும் கூடுதலாகப் போடச் சொல்வார், ஏனென்றால் எனக்குப் பந்து நன்றாக விழும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். என் கையிலிருந்து போகிற பந்து பலகையிலும் படாது, இரும்பிலும் படாது. நடுவில் இறங்கித் தரையில் தொப்பென்று விழும். டீச்சர் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். சில நாள் அந்தத் தலையாட்டலுக்காகவே பள்ளிக்கூடம் போனேன்.

இவ்வளவும் ஆன பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா என் தோளைத் தட்டுவார்.

"இன்னாம்மா, இன்னைக்கும் சரியா வரலையா?"

"நல்லாத்தாம்பா வந்துச்சு."

"ம். சரிம்மா. மனச உட்டுடாத." அப்புறம் கொஞ்ச தூரம் போய், "உன் கூட்டாளி பொண்ணு நல்லா போடுதில்ல? கெட்டிக்காரி" என்பார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரியும். என் தோழி என்மேல் உயிரை வைத்திருந்தவள், நானும் அப்படித்தான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பந்து போட வராது. இரும்பில் அடிப்பாள், பலகையில் அடிப்பாள், ஒரு தடவை கூரையிலேயே அடித்தாள். அவளைப் போய்க் கெட்டிக்காரி என்கிறார், பெற்ற மகளை மனம் விடாதே என்கிறார். யாரோ அவரிடம் இல்லாததைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அவளிடமே சண்டைக்குப் போனேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க அப்பாவுக்காவது நான் நல்லா போடறேன்னு தெரியுதே" என்றாள்.

மழை நாளில் அவர் இன்னும் மோசம். தகரத்தில் மழை கொட்டினால் வெளியில் ஒன்றும் கேட்காது. குடையோடு காத்திருந்து, "இன்னைக்கு எப்படிம்மா?" என்று கவலையோடு கேட்பார். நன்றாக வந்தது என்றால் அன்றைக்கு மட்டும் நம்புவார். அது ஏன் என்றும் எனக்குப் புரியவில்லை.

பதினோராம் வகுப்பில் இருந்தேன். ஐப்பசி முடிகிற சமயம் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார். பரீட்சை முடிந்ததும் என்னை மெட்ராஸுக்கு டிரில் டீச்சர் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், இடம் வாங்குவது தன் பொறுப்பு என்றார். அம்மா காபி போட உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணும் மெட்ராஸில் தங்கிப் படித்ததில்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது மட்டும்தான் வேண்டும்.

அப்பா வெகு நேரம் துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "மெட்ராஸுன்றதுக்காக இல்லீங்க டீச்சரம்மா. நீங்க அவ மனசு நோகக் கூடாதுன்னு நல்ல மாதிரியா சொல்றீங்க. எனக்குத் தெரியும்ங்க. வராத வேலையில போயி என் புள்ள நாலு பேரு எதிர்ல தல குனிய வேணாம்."

"யாருக்கு வராது? உங்க பொண்ணுக்கா?" என்றார் டீச்சர்.

"எனக்குத் தெரியும்ங்க" என்று அவர் மறுபடியும் சொன்னார். அந்தக் குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. கேப்பைக் கூழை வைத்தால் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். "அப்பனும் பொண்ணும் ஆளுக்கொரு பக்கம் மொறச்சிக்கினு இருங்க, நடுவுல நான் பேஜாரு பட்றேன்" என்று அம்மா பானையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களிலும் சாயங்காலம் அப்பா பூட்டைத் திறந்துவிட்டுச் சாக்கை மடித்துப் போட்டு உட்காரத்தான் செய்தார்.

அந்த வருஷம் மானாவாரி மல்லாட்டை அமோகமாக விளைந்துவிட்டது. ரயிலடிக் கிடங்கு போதாது, பழையதையும் திறக்க வேண்டும் என்று மண்டிக்காரர் சொல்லி அனுப்பினார். அரங்கம் போகப் போகிறது என்று தெரிந்ததும் டீச்சர் அவசர அவசரமாக விழுப்புரத்தில் ஒரு ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். ரயில்வே காலனி மைதானத்தில், அந்த ஊர்ப் பெண்களோடு. திறந்த மைதானம். பெற்றோர்களைத் தலைமை ஆசிரியை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சம்மதிக்க வைத்தார். பாவாடை தாவணியில்தான் ஆடுவார்கள் என்று கையடித்துச் சொன்னார். என் அப்பா, "நானும் தொணைக்கு வர்றேங்க" என்று மட்டும் சொன்னார்.

காலைப் பாசஞ்சரில் போனோம். நான் ஜன்னலோரம், அப்பா கதவோரம். விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கிக் காலனிக்கு நடந்தோம். சிமெண்டுத் தரை, வெள்ளைக் கோடு, வளையத்தில் எலி தின்னாத முழு வலை. சுற்றிலும் காலனிக் குடும்பங்கள், வேலை முடிந்து கரித்தூசியோடு அப்படியே வந்து நின்ற ரயில் ஆட்கள். மைதானத்து ஓரத்தில் தரை சமன்படுத்துகிற கல் உருளை ஒன்று கிடந்தது. அப்பா அதன்மேல் போய் உட்கார்ந்தார். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு.

ஊரே பார்க்கிறது, இவர் மட்டும் பார்க்க மாட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

ஆட்டம் தொடங்கியதும் எங்கள் வண்டவாளம் வெளியே வந்தது. முதல் விசில் ஊதியபோது எங்களில் இரண்டு பேர் பயந்து நின்றுவிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்கள் இங்கே போடு, அங்கே ஓடு என்று ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டார்கள். நாங்கள் பழக்க தோஷத்தில் வாயைத் திறக்காமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். கூட்டத்தில் ஒரு அம்மாள், "பாவம், வாய் பேசாத பசங்களா?" என்று பக்கத்தில் விசாரித்தது எனக்கே கேட்டது. தோற்கப்போகிறோம் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் என் தோழி எப்படியோ பந்தைப் பிடுங்கி என் கையில் தந்தாள். நான் நின்ற இடத்திலிருந்தே போட்டேன். பந்து போகும்போதே தெரிந்தது. எதிலும் படாமல் இறங்கியது. கூட்டம் மொத்தமும் கையைத் தட்டிக் கத்தியது. எங்களுக்காக யாரும் கத்தி நான் கேட்டதேயில்லை. கிடங்கில் கிடைத்ததெல்லாம் வாயைப் பொத்திய குதிப்புதான். நான் திகைத்துப்போய் நின்றேன்.

உருளைமேல் நடந்ததை அப்பா பின்னால் அம்மாவிடம் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். கத்தலைக் கேட்டதும் யாரோ விழுந்து அடிபட்டுவிட்டதாக நினைத்தாராம். பக்கத்தில் நின்ற ரயில்காரரிடம், "இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டாராம்.

"திண்டிவனத்துப் பொண்ணு போட்டுச்சிங்க. அந்தக் குள்ளப் பொண்ணு. சுத்தமா உள்ள எறங்கிச்சு."

"உள்ளயா? டங்குன்னு சத்தமே வரலீங்களே?"

"நல்லா போட்டா சத்தம் ஏங்க வரும்? இரும்புல இடிச்சாதான சத்தம் வரும்."

நான் திரும்பிப் பார்த்தபோது அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உருளையில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு. அடுத்த பந்து என் கைக்கு வந்தது. அவர் பார்க்கிறார் என்ற நினைப்பிலேயே அவசரப்பட்டுப் போட்டுவிட்டேன். பந்து வளையத்தில் டங்கென்று இடித்து வெளியே போய் விழுந்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது. முதன்முதலாக அவர் கண்ணால் பார்த்த என் அடி அதுதான். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஆட்டத்தில் தோற்றோம். திரும்பி வரும் ரயிலில் பெண்கள் எல்லோரும் அத்தனை நாள் கத்தாததையும் சேர்த்துக் கத்திக்கொண்டு வந்தார்கள். அப்பா என் எதிரே வந்து உட்கார்ந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் என் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, டங்குன்னு சத்தம் வந்தா வெளியில போயிடுமா?"

"ஆமாம்பா. பாதி நேரம் போயிடும்."

"அப்ப உன் கூட்டாளி பொண்ணு?"

"அவளுக்குப் போடவே வராதுப்பா."

பக்கத்தில் இருந்த என் தோழி, ஆமாம் என்று தலையாட்டினாள்.

"கிடங்குல கடைசியா நீ மட்டும் போடுவியே. சத்தமே வராதே. வெறும் தொப்பு தொப்புன்னு."

"அதெல்லாம் உள்ள போனதுப்பா."

"எல்லாமா?"

"எல்லாமும்தான்பா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சத்தம் வரலன்னா பொக்குன்னு நெனச்சிட்டேன்மா" என்றார். "தெனம் அந்தச் சாக்குமேல உக்காந்துக்கினு, என் புள்ளைக்கு ஒண்ணாவது உள்ள போவட்டும் சாமீன்னு வேண்டிக்கினு இருந்தேன்." பேசக் கூடாது என்று வைத்திருந்த வைராக்கியமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திண்டிவனம் வரும்வரை அவர் கையை நான் விடவில்லை.

எங்களைக் கொண்டுவந்து விடுவதற்காக டீச்சரும் திண்டிவனம் வரை கூட வந்திருந்தார்; அவரிடம் அப்பா மெட்ராஸுக்குச் சம்மதம் சொன்னது ரயிலடியிலேயே. நான் போனேன், படித்தேன், பல வருஷம் பல ஊர்ப் பள்ளிகளில் விசில் ஊதினேன். அந்தக் கிடங்கு அதற்குப் பிறகு மல்லாட்டைக்கு ஆனது, உர மூட்டைக்கு ஆனது, ஒரு கல்யாணப் பந்தல்காரரின் நாற்காலிகளுக்கு ஆனது. வளையத்தை யாரும் கழற்றவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

விழுப்புரத்திலிருந்து வந்த மறுநாள் காலையில்தான் கிடங்குக்கு மல்லாட்டை வண்டிகள் வருவதாக இருந்தது. விடிந்ததும் அப்பா என்னை எழுப்பினார். "எழுந்து ஜல்தி வாம்மா" என்றார், காரணம் சொல்லவில்லை. கிடங்குக் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார். வழக்கம் போல வெளியே போகவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சாக்கை மடித்து வளையத்துக்கு எதிரே போட்டு, அதைப் பார்த்தபடி சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"சத்தம் வராம ஒண்ணு போடும்மா."

மூலையில் வைத்திருந்த பந்தை எடுத்துப் போட்டேன். பந்து மேலே போய், எதிலும் படாமல் வளையத்துக்குள் இறங்கித் தரையில் தொப்பென்று விழுந்து உருண்டது. வெளியே தெருமுனையில் முதல் வண்டி மாட்டின் மணி கேட்டது. அப்பா எழுந்திருக்கவில்லை. கையைக் காதோரம் கொண்டுபோய், மல்லாட்டையைக் குலுக்குவது போல வெறுங்கையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேட்டுச்சும்மா" என்றார்.